0.5 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது? பிரிட்டனில் ஒரு பகுதி நேர வரலாற்று விரிவுரையாளர் பணி

பிரிட்டனில் பல்கலைக்கழக வேலை தேடுகிறவர்கள் எல்லோரும் தினமும் எட்டிப் பார்க்கும் தளம் ஒன்று உண்டு: ஜாப்ஸ்.ஏசி.யுகே. கோடை தொடங்கியதும் அதில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி விளம்பரங்கள் வரும். "விரிவுரையாளர், நவீன பிரிட்டிஷ் வரலாறு. 0.5 எஃப்.டி.இ. கற்பித்தல் மட்டும். செப்டம்பர் முதல் ஜூன் வரை." ஊர் மாறும், பல்கலைக்கழகத்தின் பெயர் மாறும், இந்த வாசகம் பெரிதாக மாறாது. எஃப்.டி.இ. என்பது முழு நேர வேலையோடு ஒப்பிட்ட அளவு. 0.5 என்றால் முழு வாரத்தில் பாதி நேரம் வேலை, பாதிச் சம்பளம்.

நம்மூர் ஆட்கள் இதைப் பார்த்தவுடன் "ஓ, கௌரவ விரிவுரையாளர் மாதிரியா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் இந்தப் பதவி ஏன் பாதியாக இருக்கிறது, அந்தப் பாதி யாருக்கு லாபம் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை வேறு. அதற்குள் போகும் முன் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிக்கலில் பாதி அங்கேயே இருக்கிறது.

"நவீன" என்பது எங்கே தொடங்குகிறது? 1724இல் அரசர் முதலாம் ஜார்ஜ் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் நவீன வரலாற்றுக்குப் பேராசிரியர் இருக்கைகளை நிறுவினார். அன்றைக்கு நவீனம் என்றால் கிரேக்கமும் ரோமும் முடிந்த பிறகு வந்த அத்தனையும். ஆக்ஸ்போர்டு வரலாற்றுத் துறை இந்த நூற்றாண்டு பிறக்கும் வரை, இடைக்காலத்தையும் சேர்த்து நடத்திக்கொண்டே, "நவீன வரலாற்றுத் துறை" என்றுதான் பெயர் வைத்திருந்தது. இன்றைய விளம்பரத்தில் இந்தச் சொல் பொதுவாக 1750 அல்லது 1800க்குப் பிந்தைய காலத்தைக் குறிக்கிறது. சிலர் முதல் வாக்குரிமைச் சீர்திருத்தம் வந்த 1832இல் கோடு போடுவார்கள், சிலர் 1945இல்.

"பிரிட்டிஷ்" என்ற சொல்லும் அவ்வளவு எளிதல்ல. நீண்ட காலம் அது இங்கிலாந்தின் வரலாறாகவே இருந்தது. நியூசிலாந்தில் வளர்ந்த வரலாற்றாசிரியர் ஜே.ஜி.ஏ. போக்காக் 1970களில், ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அயர்லாந்தும் இல்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள் என்று வாதாடினார். அதற்கு மேல் பேரரசு. கேம்பிரிட்ஜ் வரலாற்றுப் பேராசிரியர் ஜான் சீலி 1883இலேயே, தன் நாட்டுக்காரர்கள் கவனமே இல்லாத ஒரு நிலையில் பாதி உலகத்தைப் பிடித்துவிட்டது போல இருக்கிறது என்று எழுதினார். அந்தக் "கவனமின்மை" பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. இப்போது எந்தத் துறையும் பேரரசைத் தனி அறையில் பூட்டிவிட்டு பிரிட்டிஷ் வரலாறு நடத்த முடியாது. மான்செஸ்டர் பஞ்சாலையைப் பற்றிப் பேசினால் அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று முதல் வரிசை மாணவி கேட்பாள்.

ஆக, 0.5 பதவிக்கு வருகிறவர் மடியில் என்னென்ன கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பாருங்கள். 1819இன் பீட்டர்லூ படுகொலை, தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டுகள், 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சம், 1867இன் வாக்குரிமை விரிவு, பெண்களுக்கு 1918இல் அரைகுறையாகவும் 1928இல் முழுதாகவும் கிடைத்த வாக்கு, 1926இன் பொது வேலைநிறுத்தம், 1948 ஜூனில் கரீபியக் குடியேறிகளோடு வந்த வின்ட்ரஷ் கப்பல், அடுத்த மாதமே தேசிய சுகாதார சேவை, 1956இல் சூயஸ் நெருக்கடி, 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் போராட்டம், 1998இல் வட அயர்லாந்து அமைதிக்கான பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம். இத்தனையும் முதலாம் ஆண்டு அறிமுகப் பாடத்தில் பத்துப் பதினோரு வாரத்தில் ஓடிவிடும். விண்ணப்பதாரரின் முனைவர் பட்டமோ 1930களில் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்களின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியதாக இருக்கும். மூன்றாம் வாரத்துக்குச் சார்ட்டிஸ்டுகளை அவர் புதிதாகப் படித்துத்தான் நடத்த வேண்டும். அந்தப் படிப்புக்கு எந்த மணிக்கணக்கிலும் சரியான இடம் கிடையாது.

கூட்டம் அதிகம் என்பதற்கும் காரணம் பாடத்திலேயே இருக்கிறது. மாணவர்கள் பள்ளியிலிருந்து ஓரளவு அறிந்து வருவது சொந்த நாட்டு வரலாற்றை. அதனால் ஒவ்வொரு துறைக்கும் அதை நடத்த ஆள் வேண்டும். ஆவணங்கள் உள்ளூரில் இருக்கின்றன, வேறு மொழி கற்கத் தேவையில்லை. அதனால் அதில் முனைவர் பட்டம் பெறுகிறவர்களும் ஏராளம். ஒருவர் கிளம்பினால் அந்த நாற்காலிக்குப் பத்துப் பேர் தயார். ஒட்டோமான் வரலாறோ சீன வரலாறோ படித்தவருக்குப் போட்டி குறைவாக இருக்கலாம், அங்கே பதவிகளே குறைவு என்பது வேறு கதை.

இப்போது அந்தப் பாதிக்கு வரலாம்.

முழு நேரம் வாரத்துக்கு 35 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 0.5 என்பது பதினேழரை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் விரிவுரையாளர் இரண்டு பாடங்களில் கருத்தரங்க வகுப்புகள் எடுக்கிறார், இரண்டிலும் சேர்த்து 120 மாணவர்கள். செமினார் எனப்படும் இந்த வகுப்பு, பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு மூல ஆவணத்தை அலசும் ஐம்பது நிமிடம். பருவத்தின் நடுவில் ஆளுக்கு 2,500 சொல்லில் ஒரு கட்டுரை தருகிறார்கள். ஒரு கட்டுரையைப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, கீழே ஒரு பத்தி கருத்துச் சொல்லி மதிப்பெண் போட 25 நிமிடம் என்றால் மொத்தம் 50 மணி நேரம். மூன்று வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது பல இடங்களில் விதி. மூன்று வாரத்தில் அவருக்குச் சம்பளம் தரப்படும் நேரமே ஐம்பத்திரண்டரை மணிதான். வகுப்பு எடுக்க, தயாரிக்க, மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவகாசம் வேண்டும்" என்று வாசலில் நிற்கும் பையனிடம் பேச, எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் இரண்டரை மணி நேரம். வகுப்புகளோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்.

திருத்துவதில் அவசரமும் காட்ட முடியாது. 70ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்படி. 68க்கும் 70க்கும் நடுவில் ஒரு மாணவரின் எதிர்காலம் ஊசலாடும். ஏன் 68 என்று கேட்டால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பகுதியை இன்னொருவர் எடுத்துச் சரிபார்ப்பார், வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் தேர்வாளரும் பார்ப்பார். 2005 முதல் இறுதியாண்டு மாணவர்களிடம் நாடு முழுக்க ஒரு கருத்துக் கணிப்பு நடக்கிறது. திருத்திய கட்டுரைகளின் கருத்துரை உதவியதா என்பது அதன் கேள்விகளில் ஒன்று. அந்த மதிப்பெண்ணைத் துறைத் தலைவர் முதல் துணைவேந்தர் வரை பார்ப்பார்கள்.

0.5 கிடைத்தவராவது பரவாயில்லை, அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. இதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது, மணிக்கணக்கு விரிவுரையாளர். ஒரு மணி வகுப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அதில் தயாரிப்பும் அடக்கம், மாணவர் சந்திப்பும் அடக்கம், சில இடங்களில் திருத்துவதும் அடக்கம். அந்தத் தொகையோடு விடுமுறைச் சம்பளம் என்று 12.07 சதவீதம் சேர்ப்பார்கள். இந்த விசித்திர எண் எப்படி வந்தது? சட்டப்படி வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை. 52 வாரத்தில் அதைக் கழித்தால் 46.4. 5.6ஐ 46.4ஆல் வகுத்தால் 12.07 சதவீதம். பள்ளியில் இசை கற்றுத்தந்த பருவகால ஆசிரியை ஒருவர் இந்தக் கணக்கை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் வென்றார். அப்புறம் அரசு விதியைத் திருத்தி, 2024 ஏப்ரலுக்குப் பின் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளுக்கு அதே 12.07ஐத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

முனைவர் பட்ட மாணவர்கள் பலர் இந்த அடுக்கில்தான் முதன்முதலில் வகுப்பு எடுக்கிறார்கள். அங்கிருந்து 0.5க்குப் போவது ஒரு படி ஏறுவதுதான். ஆனால் ஒரு 0.5இல் வாழ முடியாது. முழுச் சம்பளம் 40,000 பவுண்டு என்றால் பாதி 20,000. செப்டம்பர் முதல் ஜூன் வரை பத்து மாதத்துக்குக் கணக்கிட்டால் 16,700க்குச் சற்றுக் கீழே. அதனால் இரண்டு ஊரில் இரண்டு பாதி வேலை பார்க்கிறவர்கள் உண்டு. இரண்டாவது வேலைக்கு வரித்துறை வழக்கமாக "பி.ஆர்." என்ற குறியீட்டைப் போடும். அதாவது வரிவிலக்கு வரம்பெல்லாம் முதல் வேலையில் தீர்ந்தது, இங்கே முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம். ரயில் கட்டணம் தனி. இரண்டு மின்னஞ்சல் முகவரி, இரண்டு அடையாள அட்டை, இரண்டு துறைகளிலும் கூட்டம் புதன்கிழமை மதியம்தான் இருக்கும்.

நிர்வாகம் ஏன் பாதியாக வெட்டுகிறது? மிகச் சாதாரணமான காரணம், மாற்று ஆள் தேவை. துறையில் ஒரு மூத்தவருக்கு லெவர்ஹுல்ம் அறக்கட்டளையோ பிரிட்டிஷ் அகாடமியோ ஆராய்ச்சி நிதி கொடுக்கிறது என்று வையுங்கள். அவர் ஒரு வருடம் வகுப்புக்கு வர மாட்டார். அவருடைய வேலையில் கற்பித்தல் ஒரு பகுதிதான், மீதி ஆராய்ச்சியும் நிர்வாகமும். மாற்று ஆளுக்கு அந்தக் கற்பித்தல் பகுதியை மட்டும் நிரப்பினால் போதும், அது கிட்டத்தட்ட 0.5 அல்லது 0.6 என்று வருகிறது. மாடியில் ஒருவர் நிதி கிடைத்ததைக் கேக் வெட்டிக் கொண்டாடுகிறார், கீழே இன்னொருவருக்கு பத்து மாத வேலை பிறக்கிறது. பேறுகால விடுப்பிலும் இதே கதை.

பணக் கணக்கும் உண்டு, பலர் கவனிக்காதது. பணியாளருக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 2025 ஏப்ரல் வரை, வருடச் சம்பளத்தில் 9,100 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 13.8 சதவீதம். ஒருவருக்கு 40,000 கொடுத்தால் ஏறத்தாழ 4,264 பவுண்டு கட்ட வேண்டும். அதையே இரண்டு பேருக்குத் தலா 20,000 என்று பிரித்தால் மொத்தம் 3,008தான், ஏனென்றால் விலக்கு வரம்பு ஆளுக்கொன்று. 2025 ஏப்ரலில் வரம்பை 5,000ஆகக் குறைத்து விகிதத்தை 15 சதவீதமாக்கினார்கள். இப்போது ஒருவருக்கு 5,250, இரண்டு பாதிகளுக்கு 4,500. பிரிப்பதில் இருந்த லாபம் சுருங்கிவிட்டது, போகவில்லை. இதற்காகவே யாரும் பதவியை வெட்டுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெட்டும்போது இந்தக் கணக்கு குறுக்கே நிற்கவும் இல்லை.

பெரிய படத்தில் இருப்பது கல்விக் கட்டணம். 1998இல் டோனி பிளேர் அரசு கொண்டுவந்தபோது வருடத்துக்கு அதிகபட்சம் 1,000 பவுண்டு. 2006இல் 3,000. 2012இல் 9,000. கூடவே வரலாறு போன்ற மனிதவியல் பாடங்களுக்கு அரசு நேரடியாகத் தந்த கற்பித்தல் மானியம் கிட்டத்தட்ட முழுதாக நின்றது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் வரலாற்றுத் துறையின் வருமானம் என்பது தலைக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். 2015இல் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள் முன்பு சேர்க்க முடியாதவர்களையும் சேர்க்கத் தொடங்கின. வரலாற்றுக்கு ஆய்வகம் வேண்டாம், நாற்காலி போட்டால் போதும் என்பதால் விரிக்க எளிதான துறை அது. அந்த மாணவர்களை இழந்தது சிறிய, புதிய பல்கலைக்கழகங்கள். சன்டர்லாந்து பல்கலைக்கழகம் 2020 ஜனவரியில் வரலாறு, அரசியல், மொழிகள் ஆகிய பட்டப்படிப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு வேறு இடங்களிலும் துறைகள் சுருங்கின அல்லது மூடப்பட்டன.

இதன் விளைவு ஒரு வகையில் வேடிக்கை. மாணவர் பெருகும் இடத்தில் அடுத்த வருடம் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாததால் தற்காலிகப் பதவி. மாணவர் குறையும் இடத்தில் அடுத்த வருடம் துறையே இருக்குமா என்று தெரியாததால் தற்காலிகப் பதவி. தேர்வு முடிவுகள் வரும் ஆகஸ்ட் நடுவில் சேர்க்கை எண் தெரிந்தவுடன் அவசர விளம்பரங்கள் வருவது இதனால்தான். கட்டணமோ 2017 முதல் ஏழு வருடங்களுக்கு மேல் 9,250இலேயே நின்று 2025இல்தான் 9,535 ஆனது. நடுவில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. அந்தப் பள்ளத்தை வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் பெரும்பாலான முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர அரசு தடை போட்டதும் அந்த வரவும் ஆட்டம் கண்டது.

இவை எல்லாவற்றையும் விட, விளம்பரத்தில் எனக்கு உறுத்துவது "கற்பித்தல் மட்டும்" என்ற இரண்டு சொற்கள்.

1986 முதல் பிரிட்டனில் சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லாத் துறைகளின் ஆராய்ச்சியையும் மதிப்பிட்டு, அதன்படி அரசு நிதி பிரிக்கிறார்கள். 2014 முதல் அதற்கு ரெஃப் என்று பெயர். முதலில் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குப் பிடித்த ஆட்களை மட்டும் பட்டியலில் காட்டின. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2016இல் அளித்த பரிந்துரைக்குப் பிறகு 2021 மதிப்பீட்டுக்கு விதி மாறியது. ஆராய்ச்சி செய்யும் பொறுப்பு கணிசமாக உள்ள ஒவ்வொருவரையும் காட்டியாக வேண்டியிருந்தது, முழு நேர அளவில் ஒருவருக்குச் சராசரியாக 2.5 வெளியீடு. 0.2 அளவுப் பணியில் இருப்பவர் கூடக் கணக்கில் வந்தார். நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் நிர்வாகிகள் அதை எப்படிப் படித்தார்கள் என்றால், ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி என்ற சொல்லே இல்லாவிட்டால் அவரைக் காட்ட வேண்டியதில்லை! அதற்கு முன்பே தொடங்கியிருந்த போக்குக்கு இது எண்ணெய் ஊற்றியது. 2010களின் நடுவில் கல்விப் பணியாளர்களில் கால் பங்கு போல இருந்த கற்பித்தல் மட்டும் ஒப்பந்தக்காரர்கள் சில வருடங்களிலேயே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டார்கள்.

வரலாற்றில் நிரந்தரப் பதவிக்கு நேர்காணல் வைத்தால் கேட்பது என்ன? உங்கள் நூல் எங்கே வருகிறது, அடுத்த ஆராய்ச்சித் திட்டம் என்ன, என்ன நிதி பெற்றீர்கள். கற்பித்தது எத்தனை மணி நேரம் என்பது அதற்கப்புறம்தான். அதாவது 0.5இல் விடுபட்டிருக்கும் பாதிதான் அடுத்த வேலைக்கான சாவி. அந்தப் பாதி வாரம் சும்மாதானே இருக்கிறது, எழுதலாமே என்று சொல்வது சுலபம். அந்த நாட்களில்தான் மனிதர் வாடகைக்காக இன்னொரு ஊரில் சார்ட்டிஸ்டுகளை நடத்திக்கொண்டிருக்கிறார். தேசிய ஆவணக் காப்பகம் லண்டனின் கியூ பகுதியில் செவ்வாய் முதல் சனி வரை திறந்திருக்கும். அரசுக் கோப்புகளை முப்பது வருடத்துக்குப் பிறகு வெளியிடுவதை இருபதாகக் குறைத்திருப்பதால், பிரதமர்கள் மேஜர் காலமும் பிளேர் காலமும் இப்போது பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டிருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டு அரசியல் வரலாறு செய்கிறவருக்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. ஆனால் செவ்வாயும் வியாழனும் ஒரு ஊரில் வகுப்பு, புதன் இன்னொரு ஊரில் என்றால் மிஞ்சுவது வெள்ளியும் சனியும்தான். திருத்த வேண்டிய கட்டுரைகளும் அந்த இரண்டு நாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கியூவுக்காவது இலவசமாக நுழையலாம். 1674 முதல் 1913 வரையிலான லண்டன் ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்ற வழக்கு அறிக்கைகளும் இணையத்தில் இலவசம். பழைய செய்தித்தாள் தொகுப்புகள், ஆய்விதழ்கள், சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்ய 1937இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் திட்டத்து நாட்குறிப்புகளின் மின்பிரதிகள் போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் கடவுச்சொல் வேண்டும். ஒப்பந்தம் ஜூனில் முடிந்தால் கடவுச்சொல்லும் அதோடு போகும். எழுத நேரம் கிடைக்கும் ஒரே பருவம் கோடை. கதவு மூடுவதும் அப்போதுதான்.

பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே பகுதி நேரமாக வரலாறு கற்பிப்பது பிரிட்டனில் ஒரு காலத்தில் பெருமைக்குரிய வேலையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் பிறந்த ஆர்.எச். டோனி 1908 ஜனவரியில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே, வாரக் கடைசியில் ரயிலேறி இங்கிலாந்தின் தொழில் நகரங்களான லாங்டனுக்கும் ராச்டேலுக்கும் வந்தார். லாங்டனில் பானைத் தொழிலாளர்கள், ராச்டேலில் ஆலைத் தொழிலாளர்கள். தொழிலாளர் கல்விக் கழகம் ஏற்பாடு செய்த வகுப்பு. இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி பேச்சு, ஒரு மணி விவாதம். முப்பது பேர் அளவில், மூன்று வருடம், இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. பின்னாளில் பிரிட்டனின் முன்னணிப் பொருளாதார வரலாற்று அறிஞராக ஆனவர், தன் மாணவர்களிடமிருந்து தான் கற்றதாகவே சொல்லிக்கொண்டார். வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1948 முதல் 1965 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வெளிக்கல்வித் துறையில் இருந்தார். யார்க்‌ஷயர் ஊர்களில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டே, இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கம் உருவானதைச் சொல்லும் தன் பெருநூலை எழுதி 1963இல் வெளியிட்டார். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தாம்சனின் மாணவர்கள் பகுதி நேரம், அவர் முழு நேரம். 2012இல் கட்டணம் ஏறியதற்கு முன்னும் பின்னுமான சில வருடங்களில் இங்கிலாந்தில் பகுதி நேர இளங்கலை மாணவர்கள் பாதிக்கும் கீழே சரிந்துவிட்டார்கள். இன்று மாணவர்கள் முழு நேரம், ஆசிரியர் பகுதி நேரம்.

விதிவிலக்கு என்று திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்ததிலிருந்து அது பகுதி நேர ஆசிரியர்களை நம்பியே ஓடுகிறது. தொழிற்சங்கத்தோடு வருடக்கணக்கில் பேசி, 2022இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஆசிரியர்களை நிரந்தர ஒப்பந்தத்துக்கு மாற்றியது. பகுதி நேரம் என்றாலே தற்காலிகம் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இது கையிலிருக்கும் சான்று.

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டு விதிகளின்படி பகுதி நேரக்காரரை முழு நேரக்காரரைவிட மோசமாக நடத்தக் கூடாது. 2002ஆம் ஆண்டு விதிகளின்படி குறித்த கால ஒப்பந்தங்களில் தொடர்ந்து நாலு வருடம் இருந்தால், தக்க காரணம் காட்டப்படாவிட்டால், வேலை நிரந்தரம். "தொடர்ந்து" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஜூன் முடிந்து செப்டம்பர் தொடங்கும் ஒப்பந்தங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தக் கோடைப் பள்ளம் தொடர்ச்சியை உடைக்கிறதா என்பது வழக்கறிஞர்களுக்குச் சோறு போடும் கேள்வி. பணிநீக்க இழப்பீட்டுக்கு இரண்டு வருடத் தொடர்ச்சி வேண்டும். ஆக்ஸ்போர்டில் எழுத்துக்கலை கற்பித்த இரண்டு பேர், பதினைந்து வருடம் "சேவை ஒப்பந்தம்" என்ற பெயரில் வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டவர்கள், வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அவர்கள் பணியாளர்களே என்று 2024இல் தீர்ப்பு வந்தது. பல்கலைக்கழக, கல்லூரிப் பணியாளர்களின் யுசியு சங்கம் 2019-20 வேலைநிறுத்தத்தில் சம்பளம், பணிச்சுமை, சமத்துவம் ஆகியவற்றோடு நாலாவது கோரிக்கையாக வைத்தது இந்தத் தற்காலிக வேலை முறையைத்தான்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போய் அங்கே வரலாற்றில் முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்கு இதில் தனி ஒரு முடிச்சு இருக்கிறது. மாணவர் விசாவில் இருக்கும்போது பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். வகுப்பு ஐம்பது நிமிடம் என்றாலும் தயாரிப்பு நேரமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது. பட்டம் முடிந்ததும் கிராஜுவேட் விசாவில் மூன்று வருடம் எந்த வேலையும், 0.5 உட்பட, பார்க்கலாம். சிக்கல் அதற்குப் பின்னால். திறன் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 38,700, 2025 ஜூலையில் 41,700 பவுண்டு. முனைவர் பட்டக்காரர்களுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் சலுகை உண்டு என்றாலும், பாதி வேலையின் 20,000 அந்தச் சலுகை வரம்பையும் தொடாது. பகுதி நேரம்தானே என்று வரம்பைப் பாதியாக்கவும் மாட்டார்கள். ஆங்கிலேயத் தோழி மூன்று 0.5களை அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டு நிரந்தர வேலைக்குக் காத்திருக்கலாம். மதுரையிலிருந்து போனவருக்கு அந்தக் காத்திருப்பின் நீளத்தை உள்துறை அமைச்சகம் முடிவு செய்யும்.

அப்படியானால் விண்ணப்பிக்கவே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். சொந்தமாக ஒரு பாடத்தை வடிவமைத்து நடத்தக் கிடைத்தால் அது பெரிய வாய்ப்பு. அடுத்தவர் எழுதி வைத்த பாடத்தை நடத்துவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழைப் பல்கலைக்கழகச் செலவில் முடித்துக்கொள்ளலாம். நேர்காணலின் முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பலர் தயங்கி, துறையின் ஆராய்ச்சிச் சூழல் பற்றி அழகாக ஒன்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியவை வேறு. ஒரு வகுப்புக்குத் தயாரிப்பு எத்தனை மணி என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள்? திருத்துவது அதற்குள்ளா, வெளியிலா? பாடம் யாருடையது? மறுதேர்வுக் கட்டுரைகள் ஆகஸ்டில் வருமே, அதை யார் திருத்துவார்கள்? ஓய்வூதியத் திட்டத்தில் முதல் மாதமே சேர்ப்பீர்களா? அப்புறம், ஜூலையில் என் நூலகக் கடவுச்சொல் வேலை செய்யுமா?